கொக்குவிலில் மேல்வீடு, கனடாவில் வீட்டுக்காரர்: 11 மாதக் கடிதத்தை நம்பி முற்பணம் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அரச வங்கியில் வேலை, கொழும்பில் இருந்து யாழ்ப்பாண நகரக் கிளைக்கு மாற்றம், மனைவியும் அடுத்த வருடம் தரம் ஒன்றுக்குப் போகவேண்டிய மகளும் கூட வருகிறார்கள். நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாததால் கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் என்று பார்த்து, கடைசியில் கொக்குவிலில் ஒரு மேல்வீடு மனதுக்குப் பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார், திறப்பு அவருடைய மச்சானிடம். மச்சான் ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கிறார், நொத்தாரிசிடம் போகத் தேவையில்லை, 11 மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும் என்கிறார். நீங்கள் கேட்டது "நகரத்துக்கு வேலைக்குப் போய்வர எந்த ஊர் வசதி?" என்று. ஆனால் கேள்வியின் பின்பாதியை வாசித்தால், அந்த மச்சானின் கையில் இவ்வளவு காசைக் கொடுக்கலாமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. அதனால் அதை விரிவாகவும், ஊர் விசயத்தைக் கொஞ்சமாகவும் சொல்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பல வருடங்களாக நொத்தாரிசாக இருக்கிறேன். குத்தகை, ஒற்றி, நன்கொடை என்று உறுதி (சொத்துப் பத்திரம்) எழுதுவதும், எழுதாமல் விட்டவர்கள் பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு வரும்போது அவர்களுக்கு வழி சொல்வதும்தான் என் வேலை. கீழே சட்டம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுக்கலாம். ஆனால் அந்த வீட்டின் உறுதியை நான் கண்ணால் பார்க்கவில்லை, பார்க்காமல் "கொடுங்கள்" என்றோ "கொடுக்காதீர்கள்" என்றோ முடிவாகச் சொல்ல எந்த நொத்தாரிசாலும் முடியாது. தண்ணீர், மின்சாரம், மழை பற்றிச் சொல்வது வாடகைக்கு இருந்தவர்கள் வந்து சொன்னதையும் நான் கண்டதையும் வைத்து. அதை அனுபவம் என்ற அளவில் எடுங்கள்.

முதலில் அந்த 11 மாதம். எங்கள் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை. இந்தியாவில் ஒரு வருடத்துக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லாததால் அங்கே பரவலாக 11 மாதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். இங்கே பலர் அந்த வழக்கத்தை யூடியூப்பில் பார்த்தோ, இணையத்தில் கிடைத்த மாதிரிப் படிவத்தைப் பார்த்தோ அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் எல்லைக்கோட்டைப் போட்டிருப்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், அது போட்ட கோடு ஒரு மாதம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதிக் கையெழுத்திடப்பட வேண்டும். இல்லாவிட்டால் குத்தகை என்ற அளவில் அது செல்லாது. முத்திரை ஒட்டினாலும், சமாதான நீதவான் கையெழுத்து வைத்தாலும், ஊர்ப் பெரியவர்கள் நாலுபேர் சாட்சி போட்டாலும் அதுதான் நிலை. ஆகவே 11 மாதமோ, 6 மாதமோ, 2 மாதமோ, கடிதம் வெறும் கடிதம்தான்.

செல்லாது என்றால் உங்களை நாளைக்கே வெளியே போகச் சொல்லலாம் என்று பயப்பட வேண்டாம். நீங்கள் குடியேறி, மாதாமாதம் வாடகை கொடுத்து, அவரும் அதை வாங்கிக்கொண்டால், கடிதம் செல்லாவிட்டாலும் சட்டம் உங்களை மாத வாடகைக்காரராகப் பார்க்கும். ஆனால் மாத வாடகைக்காரருக்கு முழு ஒரு மாத அறிவித்தல் கொடுத்தால் போதும், 11 மாதம் என்று எழுதிய வாக்கு அங்கே உங்களைக் காப்பாற்றாது. இப்போது முற்பணத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு கணக்குக்கு மாதம் 40,000 ரூபா என்று வைத்தால் 12 மாதத்துக்கு 480,000. மூன்றாம் மாதம் வீட்டுக்காரர் மகளின் கலியாணத்துக்கு வருகிறார், வீடு வேண்டும் என்கிறார், ஒரு மாத அறிவித்தல் வருகிறது. நாலு மாதம் இருந்ததைக் கழித்தால் 320,000 ரூபா உங்களுக்குத் திரும்ப வரவேண்டும். சட்டப்படி அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கடிதமும் வங்கிச் சீட்டும் காசு கொடுத்ததற்கு அத்தாட்சியாக நிற்கும். ஆனால் யாரிடம் கேட்பது? காசு வாங்கிய மச்சான் "நான் அப்பவே அனுப்பிவிட்டேன்" என்பார், வீட்டுக்காரர் "எனக்கு அவ்வளவு வரவில்லை" என்பார். ஒருவர் இங்கே மல்லாகத்தில், ஒருவர் கனடாவின் மார்க்கம் நகரத்தில். இப்படியான வழக்கை வெல்ல முடியும் என்று சொல்வேன், எப்போது காசு கைக்கு வரும் என்று சொல்லமாட்டேன்.

அதனால் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இந்த வீடு யாருடைய பேரில் இருக்கிறது என்பது. யாழ்ப்பாணத்தில் இது தோற்றத்தில் தெரியாது. கேற்றில் வீட்டுக்காரரின் பேர் பொறித்திருக்கும், தொலைபேசியில் கதைப்பவரும் அவர்தான், வாடகையைக் கூட்டுபவரும் அவர்தான், ஆனால் உறுதியை விரித்தால் அது மனைவியின் சீதனக் காணியாக இருக்கும். மனைவியின் சொத்து என்றால் குத்தகை கொடுக்கவேண்டியவர் மனைவி. தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இந்தக் காலத்தில் ஒரு பெண் தன் சொந்த வீட்டை வாடகைக்குக் கொடுக்கக் கணவரின் கையெழுத்து எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி, நானும் அந்தப் பிரிவை விரும்பவில்லை. ஆனால் சட்டம் அப்படி இருக்கும்வரை இரண்டு பேரின் கையெழுத்தும் இல்லாமல் நான் உறுதி முடிக்கமாட்டேன்.

இன்னொன்று இதைவிட அடிக்கடி வரும். தாய் தகப்பன் பிள்ளைக்கு வீட்டை நன்கொடையாக எழுதும்போது, தங்கள் காலம் வரைக்கும் அனுபவிக்கும் உரிமையைத் தங்களுக்கே ஒதுக்கி வைப்பார்கள், அதைத்தான் சீவிய உருத்து என்கிறோம். உறுதியின் முதல் பக்கத்தில் பிள்ளையின் பேர் பெரிதாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். சீவிய உருத்து என்ற வரி உள்ளே, நன்கொடையின் நிபந்தனையோடு சேர்ந்து ஒரு நீண்ட வசனத்தின் நடுவில் கிடக்கும். அந்த வரி இருந்தால், தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கும்வரை வீட்டை வாடகைக்குக் கொடுக்கும் உரிமை அவர்களுடையது. பிள்ளை கனடாவில் இருந்து கொடுத்த அனுமதி உங்களுக்கு உதவாது. தாயார் அடுத்த ஒழுங்கையில் இன்னொரு மகளோடு இருப்பார், இரண்டு பிள்ளைகளுக்கும் கதை பேச்சு இருக்காது, நீங்கள் அந்தச் சண்டைக்கு நடுவில் போய் நிற்பீர்கள். உறுதியின் பிரதியை வாங்கி, பேரை மட்டும் பார்க்காமல் கடைசிவரை வாசியுங்கள். பழைய உறுதித் தமிழ் விளங்காவிட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

சரி, உறுதி ஒழுங்காக இருக்கிறது, சொந்தக்காரரும் கனடாவில் இருக்கிறார் என்றே வைப்போம். மச்சான் என்ற உறவு அவருக்கு எந்த அதிகாரத்தையும் கொடுக்காது. அவருக்கு வேண்டியது அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரர் தன் சார்பில் செயற்பட எழுத்தில் கொடுக்கும் அதிகாரம், அது இங்கே பதிவு செய்யப்பட்டதாக இருக்கவேண்டும், அதில் குத்தகைக்குக் கொடுக்கவும் வாடகை வாங்கவும் அதிகாரம் என்று தெளிவாக எழுதியிருக்கவேண்டும். வீட்டைப் பராமரிக்கவும், மின்சார சபைக்கும் பிரதேச சபைக்கும் போய்வரவும் மட்டும் கொடுத்த தத்துவங்களை நிறையக் கண்டிருக்கிறேன். அதை வைத்துக் குத்தகை எழுத முடியாது. கொடுத்தவர் இறந்துவிட்டால் தத்துவமும் அதோடு முடிந்துவிடும். ஆகவே பழைய திகதியில் இருந்தால், அதைக் கொடுத்தவரோடு ஒரு தடவை வீடியோவில் நேரே கதையுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

முற்பணம் பற்றி என் சொந்த அபிப்பிராயம் இது, சட்டம் அல்ல. குத்தகை உறுதி இல்லாமல் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு வருடம் கேட்டால் நொத்தாரிசு உறுதி கேளுங்கள், அதில் முற்பணத் தொகை, இடையில் முடிந்தால் எத்தனை நாளுக்குள் மிச்சம் திரும்பவேண்டும், யார் திருப்பவேண்டும் என்பது எழுத்தில் வரவேண்டும். காசை வங்கிக் கணக்குக்குப் போடுங்கள், அதுவும் முடிந்தால் சொந்தக்காரரின் கணக்குக்கே. நீங்கள் வங்கியில் இருப்பவர், இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சிலர் உங்களிடம் வேறு விதமாகவும் கேட்கக்கூடும்: மொத்தமாக ஒரு தொகை தாருங்கள், வாடகையே வேண்டாம், போகும்போது முழுத் தொகையையும் திருப்பித் தருகிறோம் என்று. அது ஒற்றி. எங்கள் ஊரில் காலகாலமாக இருக்கிற முறை, தவறில்லை, ஆனால் அதையும் உறுதியாக எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்தால்தான் உங்களுக்குப் பிடி இருக்கும். அதோடு காலத்தையும் யோசியுங்கள். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ஐத் தாண்டியது. அதற்கு முன் ஒற்றிக்குக் காசு கொடுத்தவர்களுக்கு அதே தொகைதான் திரும்பக் கிடைத்தது, ஆனால் அந்தத் தொகைக்கு முன்பு வாங்கக்கூடியதில் பாதிதான் பிறகு வாங்க முடிந்தது. வாடகை இல்லை என்ற சந்தோசத்தில் அந்த நட்டம் கண்ணுக்குத் தெரியாது.

குத்தகை உறுதி எழுதக் கேட்டால் மச்சான் தயங்குவார், "பிறகு நீங்கள் எழும்பமாட்டீர்கள்" என்பார். அந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு இருப்பவருக்கு அவ்வளவு பாதுகாப்புக் கொடுத்தது, தங்கள் வீட்டைத் திரும்ப எடுக்க முடியாமல் வருடக்கணக்காக நீதிமன்றம் ஏறியவர்களின் கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கும். ஆனால் 1980 க்குப் பிறகு கட்டிய குடியிருப்பு வீடுகளை அந்தச் சட்டம் பிடிக்காது. கொக்குவில் மேல்வீடு பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்கும், ஆனாலும் கட்டிய வருடத்தைக் கேட்டுவிடுங்கள். அதுமட்டுமில்லாமல் குத்தகை முடிந்த இடத்தை மாவட்ட நீதிமன்றத்தில் கெதியாக மீட்பதற்கென்றே 2023 இல் 1 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. காலமும் நிபந்தனையும் தெளிவாக எழுதிய உறுதி கையில் இருந்தால் அந்த வழியில் போவது வீட்டுக்காரருக்குத்தான் சுகம். இதை மச்சானிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், என் அனுபவத்தில் பாதிப்பேர் இதைக் கேட்டதும் இறங்கி வருவார்கள். நொத்தாரிசுச் செலவையும் முத்திரைக் கட்டணத்தையும் யார் கட்டுவது என்பது பேச்சைப் பொறுத்தது, பாதி பாதி என்பது நியாயம். பதிவையும் விட்டுவிடாதீர்கள், வீடு இடையில் விற்கப்பட்டால், பதிந்த குத்தகை வாங்குகிறவரையும் கட்டும்.

ஏதும் பிழைத்து, வீட்டுக்காரர் ஆள் வைத்துப் பூட்டை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியேற்ற அவருக்கு உரிமை இல்லை, வாடகை பாக்கி இருந்தாலும் இல்லை. உடனே பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில், பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் இருத்த நீதவானால் முடியும். ஆனால் வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் விசயம் நீதிமன்றத்துக்கு வந்திருக்கவேண்டும். பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்ப்போம் என்று மூன்று மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது, அந்த எளிய கதவு அப்போது மூடியிருக்கும். பேசுங்கள், ஆனால் திகதியை எண்ணிக்கொண்டு பேசுங்கள்.

இனி ஊர். நகரத்தில் இருந்து கொக்குவில் சுமார் 4 கிலோமீற்றர், சுன்னாகம் சுமார் 10. இரண்டும் காங்கேசன்துறை வீதியில்தான், பகலில் பஸ்சுக்குக் குறைவில்லை. ஆனால் வங்கியில் வருட முடிவுக் கணக்கு நேரம் எட்டு மணி தாண்டி வெளியே வந்தால் பஸ்சை நம்ப முடியாது, மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டியோ இல்லாமல் சுன்னாகத்தில் இருந்து நகரத்துக்கு வேலைக்குப் போய்வருவது கஷ்டம். ரயிலைக் கணக்கில் எடுக்காதீர்கள். 1990 இல் நின்ற ரயில் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கும் திரும்ப வந்தது எங்களுக்குப் பெரிய சந்தோசம், கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் சுன்னாகத்திலும் நிலையங்கள் உண்டு, ஆனால் நேர அட்டவணை கொழும்புப் பயணத்துக்காகப் போட்டது, உங்கள் எட்டரை மணி வேலைக்காக அல்ல. கொக்குவிலுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் இருப்பதால் ஆடியபாதம் வீதியை ஒட்டிய ஒழுங்கைகள் எல்லாம் மாணவர்களுக்கு அறை அறையாக, தலைக்கு இவ்வளவு என்று போகின்றன. நாலு மாணவர்கள் சேர்ந்து கொடுக்கும் தொகையைத்தான் வீட்டுக்காரர் உங்கள் குடும்பத்திடமும் எதிர்பார்ப்பார். கோண்டாவில், இணுவில் பக்கம் அந்தப் போட்டி குறைவு. ஒன்றிரண்டு கிலோமீற்றர் கூட ஓடினால் அதே வாடகைக்கு முற்றத்தோடு தனி வீடு கிடைக்கலாம், வடிவாகத் தேடிப் பாருங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது அறைகளைவிடக் கிணற்றடியில் கூட நேரம் நில்லுங்கள். இங்கே நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது எதுவும் கெதியாகக் கீழே இறங்கும். இரண்டு பரப்புக் காணி என்றால் சுமார் 5,400 சதுர அடி, சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 74 அடிகூட இல்லை. அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடக் குழி எல்லாம். உங்கள் வளவுக்குள் குழி கிணற்றுக்குத் தூரத்தில் இருப்பதைக் காட்டித் திருப்திப்படுத்துவார்கள். மதிலுக்கு மேலால் எட்டிப் பாருங்கள், பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு நேர் பின்னால், மதிலோடு ஒட்டி இருக்கும். அதோடு கொக்குவில் தொடங்கி உரும்பிராய் வரை தோட்டச் செய்கை நெருக்கமாக நடக்கும் செம்மண் நிலம், போடுகிற உரத்தில் ஒரு பங்கு நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது. கண்ணுக்கோ நாக்குக்கோ அது தெரியாது, கொதிக்க வைத்தால் போகாது, வற்ற வற்றச் செறிவு கூடும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கவே கூடாது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், ஆனாலும் ஒரு போத்தல் தண்ணீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பரிசோதித்துவிட்டு முற்பணம் கொடுங்கள். சுன்னாகத்தைத் தெரிவு செய்தால் எண்ணெய் விசயத்தையும் அயலவரிடம் கேளுங்கள். மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 இல் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது, எந்த ஒழுங்கையின் கிணறு பாதிக்கப்பட்டது என்று அங்கே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தாளையடிக் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறந்ததில் இருந்து குழாய்நீர் பல இடங்களுக்கு வருகிறது, வீட்டுக்கு இணைப்பு இருக்கிறதா, ஒழுங்கை வரைக்கும் மட்டும்தானா என்று பாருங்கள்.

மின்சாரத்தில் மேல்வீட்டுக்காரருக்கே வரும் பிரச்சினை ஒன்று உண்டு. கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் ஒரே மீற்றர் என்றால், வீட்டுக் கட்டணம் படிபடியாக ஏறுவதால் உங்கள் பாவனை குறைவாக இருந்தாலும் மேல்படிக்குப் போய்விடுவீர்கள். நீங்கள் தனியே 60 அலகு பாவித்தால் குறைந்த அட்டவணை. கீழே 120 அலகு எரிந்து இரண்டும் ஒரு பில்லில் 180 ஆக வந்தால், அலகு விலையும் நிலையான கட்டணமும் வேறு. பிறகு அதைப் பாதி பாதி என்று பிரித்தால் நீங்கள் கீழ்வீட்டு ஏசிக்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். தனி மீற்றர் இருந்தால் மிக நல்லது. துணை மீற்றர்தான் என்றால் அலகுக்கு எந்த விலை என்பதை உறுதியிலேயே எழுதுங்கள். குடியேறுகிற அன்றைக்கு மீற்றரைத் திகதி தெரிய ஒரு படம் எடுத்து மச்சானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், முந்தியவர் விட்டுப்போன பாக்கி உங்கள் தலையில் விழாது. தண்ணீர் மோட்டர் யாருடைய மீற்றரில் ஓடுகிறது என்பதையும் கேளுங்கள், சண்டைகள் பெரும்பாலும் அதில்தான் தொடங்கும்.

கார்த்திகை, மார்கழி மழைக்குள் பார்க்கக் கிடைத்தால் ஒழுங்கையை அப்போது பாருங்கள். முந்தி வேலிக்குக் கீழால் ஓடிய வெள்ளம் இப்போது மதிலில் முட்டி நிற்கிறது. 2024 கார்த்திகை மழையில் மேல்வீட்டில் சுகமாக இருந்தும் கேற்றடிக்கு வெளியே முழங்கால் தண்ணீரில் மோட்டார் சைக்கிள் எடுக்க முடியாமல் நின்றவர்களை நான் அறிவேன். வெயில் காலத்தில் பார்க்கிறீர்கள் என்றால் மதிலின் அடியில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நல்லூர்க் கோயிலடியில் பார்த்ததாகச் சொன்ன வீட்டுக்கு ஒரு சொல்: திருவிழா 25 நாளும் சுற்றுவீதிகள் மூடப்படும், வாகனம் வைத்திருப்பவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் அந்தப் பக்கம் சரிவரும்.

நீங்கள் நேரே எழுதாமல் தொட்டுவிட்டுப் போன இன்னொன்றுக்கும் பதில் சொல்கிறேன். "எந்த ஊர், ஆருடைய ஆக்கள்?" என்று ஒரு வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டது ஊரை அல்ல, சாதியை. இன்றைக்கும் இது நடக்கிறது, படித்தவர்கள், பல வருடம் வெளிநாட்டில் இருந்தவர்கள் வீட்டிலும் நடக்கிறது, இது வெட்கக்கேடு. நான் உறுதி எழுதும் மேசையில் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுப்பதில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல, அப்படிக் கேட்கும் வீட்டில் உங்கள் மகளை வளர்க்கவும் வேண்டாம். மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கக்கூடாது என்ற நிபந்தனை வேறு விசயம், அதே வளவில் அவர்களும் இருந்தால் அது அவர்கள் விருப்பம், ஆனால் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லவேண்டும், குடியேறிய பிறகு மணம் பிடித்துக்கொண்டு வரக்கூடாது.

மகளின் பாடசாலைக்காகவும் குத்தகை உறுதி உதவும். தரம் ஒன்று அனுமதியில் பாதி இடங்கள் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு, அங்கே வதிவிடத்தைக் காட்ட வாக்காளர் இடாப்பும் பதிந்த உறுதியும் கேட்பார்கள். இப்போதுதான் வருகிற உங்களுக்கு அந்த வழியில் புள்ளி சேர்ப்பது கடினம். சேவைத் தேவைக்காக மாற்றம் பெற்ற அரச ஊழியர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது, அரச வங்கிகளும் அதற்குள் வரும், உங்கள் மாற்றக் கடிதத்தின் வாசகம் அதற்குப் பொருந்துகிறதா என்று இந்த வருடச் சுற்றறிக்கையை வைத்து வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். வீடு எதுவானாலும் குடியேறிய கிழமையே கிராம சேவகரிடம் போய்ப் பதிந்துவிடுங்கள், அவர் உறுதியின் பிரதியையும் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் கேட்கக்கூடும். மச்சானிடம் வீட்டின் உறுதிப் பிரதியும் அற்றோணித் தத்துவப் பிரதியும் கேட்டு வாங்கினால், பேர்களையும் இலக்கங்களையும் மறைத்துவிட்டு அதில் உள்ள வாசகத்தை இங்கேயே போடுங்கள், வாசித்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன். அதுவரைக்கும் காசு கொடுக்க வேண்டாம்.